தோட்ட வீட்டுக்கு நெட்: பூஸ்டரா, ஆன்டெனாவா, அவுட்டோர் ரவுட்டரா, வைஃபை லிங்க்கா? டிபி கணக்கோட ஒரு ஒப்பீடு

போடியில வீடு, மேல பூப்பாறை சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டம்னு இருக்கிற எல்லாருக்கும் இருக்கிற தலவலிதான் இது. போடிமெட்டு வரைக்கும் போன் நல்லாத்தான் இருக்கும், செக்போஸ்ட்ட தாண்டி கேரளா பக்கம் இறங்க ஆரம்பிச்சா ரேஞ்ச் வரும் போகும், தோட்டத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சா சுத்தமா செத்துரும். முன்னாடி பரவால்லன்னு விட்டாச்சு, இப்ப அப்படி விட முடியல, போடியிலயும் புத்தடியிலயும் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர்ல நடக்குது, அன்னிக்கு காய் என்ன விலை போகுதுன்னு மேல இருந்தே பாக்கணும், ஸ்டோர்ல கேமரா போட்டா கீழ இருந்து பாக்கணும், ஆளுகளுக்கு கூலிய போன்ல அனுப்பணும்.

இதுக்கு நாலு வழி இருக்கு. ஒண்ணு பூஸ்டர், வெளிய வர்ற சிக்னல வாங்கி பெருசாக்கி வீட்டுக்குள்ள விடுற பெட்டி. ரெண்டு, வீட்டுக்குள்ள சிம் போடுற 4ஜி ரவுட்டர், வெளிய பைப்புல ஆன்டெனா, நடுவுல கேபிள். மூணு, ரவுட்டரும் ஆன்டெனாவும் ஒரே டப்பாவா வெளியவே மாட்டிட்டு உள்ளுக்கு நெட்வொர்க் கேபிள் மட்டும் இறக்குறது. நாலு, ரேஞ்ச் இருக்கிற மேட்டுல ஒரு கனெக்‌ஷன் எடுத்து அங்கருந்து வீட்டுக்கு வைஃபை லிங்க் அடிக்கிறது. எது வாங்கலாம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ஏன்னா அவங்கவங்க வீட்டுக்கு அது அமைஞ்சிருக்கும். உங்க இடத்துக்கு எதுன்னு தெரியணும்னா டிபி கணக்கு போட்டுத்தான் ஆகணும், பெட்டி மேல போட்டிருக்கிற நம்பர பாத்து வாங்குனா காசு போச்சுன்னு வச்சுக்கங்க. வெறும் கூட்டல் கழித்தல்தான், பயப்பட ஒண்ணுமில்ல.

டெசிபல், சுருக்கமா டிபி, ஒரு பவர் இன்னொரு பவர விட எத்தன மடங்குன்னு சொல்றது. 3 டிபின்னா ரெண்டு மடங்கு, 6 டிபின்னா நாலு மடங்கு, 10 டிபின்னா பத்து மடங்கு, 20 டிபின்னா நூறு மடங்கு. மைனஸ் போட்டா அதே அளவு குறையுதுன்னு அர்த்தம். இத மனசுல வச்சுக்கிட்டா மத்தது எல்லாம் தன்னால வந்துரும், 13 டிபின்னா பத்து மடங்கு அதுல ரெண்டு மடங்கு, ஆக இருபது மடங்கு. ஆனா வெறும் டிபிய வச்சு "சிக்னல் இவ்வளவு இருக்கு"ன்னு சொல்ல முடியாது, எதோட ஒப்பிட்டுன்னு கேள்வி வரும். அதுக்குத்தான் டிபிஎம், ஒரு மில்லிவாட்டோட ஒப்பிட்டு சொல்றது. 0 டிபிஎம் ஒரு மில்லிவாட், 20 டிபிஎம் நூறு மில்லிவாட், 30 டிபிஎம் ஒரு வாட், 43 டிபிஎம் இருபது வாட். அப்புறம் டிபிஐ, இது ஆன்டெனாவுக்கு, எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி வீசுற ஒரு கற்பனை ஆன்டெனாவ விட இந்த ஆன்டெனா ஒரு திசையில எத்தன டிபி கூடுதலா வீசுதுன்னு. பழைய டிவி யாகி ஆன்டெனாவுல டிபிடின்னு போட்டிருப்பாங்க, அது டைபோல் ஆன்டெனாவோட ஒப்பிட்டது, அதோட 2.15 கூட்டுனா டிபிஐ வந்துரும். ஒரு கம்பெனி 9 டிபிடின்னும் இன்னொரு கம்பெனி 11 டிபிஐன்னும் போட்டிருந்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 11 பெருசா இருக்கேன்னு அதுக்கு கூட காசு குடுக்காதீங்க.

வாட்லயே சொல்லிட்டுப் போகலாமே, எதுக்கு இந்த சுத்துன்னு கேப்பீங்க. தோட்டத்து ஸ்டோர் மாடியில 4ஜி சிக்னல் -106 டிபிஎம்னு போன் காட்டுதுன்னு வைங்க, அத மில்லிவாட்ல எழுதுனா புள்ளி வச்சு பத்து சைபர் போட்டு அப்புறம் 25. அதுல எவனால பெருக்கி வகுத்து கணக்கு போட முடியும்? டிபியில எழுதிட்டா கடைக்கணக்கு நோட்டுல வரவு செலவு எழுதுற மாதிரி ஒரே வரிசையில போயிரும், ஆன்டெனா வரவு, கேபிள் செலவு, கனெக்டர் செலவு, மிச்சம் ரவுட்டருக்கு.

ஒரே ஒரு ஒழுங்கு இருக்கு, அத மீறுனா எல்லாம் தப்பா வரும். டிபிஎம்மோட டிபியக் கூட்டலாம் கழிக்கலாம், விடை டிபிஎம். டிபிஎம்ல இருந்து டிபிஎம்மக் கழிக்கலாம், விடை டிபி. டிபிஎம்மையும் டிபிஎம்மையும் கூட்டவே கூடாது. 20 டிபிஎம் ரேடியோ ரெண்டு சேந்தா 40 டிபிஎம் ஆகாது, நூறு மில்லிவாட்டும் நூறு மில்லிவாட்டும் இருநூறு மில்லிவாட், அது 23 டிபிஎம். 40 டிபிஎம்னா பத்து வாட்டாயிரும்! சராசரி எடுக்கிறதும் அப்படித்தான், ஒரு தடவ -100, ஒரு தடவ -110 காட்டுனா நடுவுல -105ன்னு நினைப்போம், பவர் சராசரி பாத்தா -102.6 தான் வரும். இன்னொண்ணு, லாஸ்னு வார்த்தையில சொல்லிட்டா நம்பர பிளஸ்ல சொல்லணும். "கேபிள் லாஸ் மைனஸ் 3 டிபி"ன்னு சொன்னா கழிக்கவா கூட்டவான்னு குழப்பம், ரெண்டு மைனஸ் சேந்து கேபிளே சிக்னல பெருசாக்குற மாதிரி கணக்கு வந்து நிக்கும், அப்படி வந்து நின்ன கொட்டேஷன நானே பாத்திருக்கேன்.

சரி, இப்ப அளக்கிறது. ஆண்ட்ராய்டுல *#*#4636#*#* அடிச்சா போன் தகவல் வரும், ஐபோன்ல *3001#12345#* அடிச்சு கால் பட்டன அமுக்கணும். அதுல ஆர்எஸ்ஆர்பின்னு ஒண்ணு இருக்கும், டிபிஎம்ல. அது மைனஸ்லதான் வரும், -95 நல்லது, -105 அதவிட மோசம், "105தான பெருசு"ன்னு நினைச்சு ஆன்டெனாவ அந்தப் பக்கமே திருப்பி வச்சவங்க இருக்காங்க. -80க்கு மேல இருந்தா அருமை, -100 வரைக்கும் ஓட்டலாம், -110ஐத் தாண்டுனா இழுத்துக்கிட்டுதான் கெடக்கும், -120ல போன் கெடச்சாலே புண்ணியம்.

இங்க ஒரு குழி இருக்கு. சில போன், சில ரவுட்டர் ஆர்எஸ்ஆர்பிக்குப் பதிலா ஆர்எஸ்எஸ்ஐ காட்டும். ரெண்டும் டிபிஎம்தான், ஆனா ஒண்ணு இல்ல. ஆர்எஸ்எஸ்ஐன்னா அந்த சேனல்ல வர்ற மொத்த பவரும், சத்தம் குப்பை எல்லாம் சேத்து. ஆர்எஸ்ஆர்பின்னா அந்த சேனல பொடிசா வெட்டி வச்சிருக்கிற சப்கேரியர்ல ஒண்ணோட பவர் மட்டும். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி சேனல்ல 1200 சப்கேரியர் இருக்கு, 1200 மடங்குன்னா 30.8 டிபி. அதனால ஒரே இடத்துல ஒரே டவர்ல இருந்து ஒரு போன் -100ம் இன்னொண்ணு -70க்கு கிட்டயும் காட்டலாம், ரெண்டும் சரி. "பக்கத்து தோட்டத்துல -72 வருதுண்ணே, நமக்கு -104தான்"னு வந்து நிக்கிறவங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது எந்த நம்பர பாத்தீங்கன்னுதான். கேபிள் டிவிக்காரர் மீட்டர கொண்டுவந்து "65 வருதுப்பா, சூப்பர்"னா அது வேற யூனிட், டிபி மைக்ரோவோல்ட், 75 ஓம் லைன்ல அதுல இருந்து 108.75 கழிச்சாத்தான் டிபிஎம், அதாவது -44 கிட்ட. அவர் லைனுக்கு அது சரி, நம்ம வேலைக்கு அந்த மீட்டர் ஆகாது.

இனி ஒரு வீட்ட எடுத்துக்குவோம். பூப்பாறைக்கு கீழ சரிவுல, சுத்தி நிழல் மரம், தகரக் கூரை. ரூமுக்குள்ள ஆர்எஸ்ஆர்பி -119. இருபது மீட்டர் தள்ளி ஸ்டோர் மாடியில -106. 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்ட், அதாவது டவர் பேசுற ஃப்ரீக்வன்சி. போனோட ஆன்டெனாவ 0 டிபிஐன்னு வச்சுக்குவோம், உண்மையில அதுக்கும் கீழதான், ஒப்பிட இது போதும். மொதல்ல கவனிக்க வேண்டியது, ஒரு பைசா செலவில்லாம ரூம்ல இருந்து மாடிக்கு வந்ததுக்கே 13 டிபி, இருபது மடங்கு. தகரமும் செவரும் தின்னுக்கிட்டு இருந்தது அது. எந்த ஆன்டெனா வாங்குறதுன்னு பேசுறதுக்கு முன்னாடி எங்க வைக்கிறதுன்னு பேசணும், போன கையில வச்சுக்கிட்டு தோட்டம் பூரா நடந்து பாருங்க, ரெண்டு எட்டு தள்ளுனா 6 டிபி மாறுற எடமெல்லாம் இருக்கு.

பூஸ்டர முதல்ல தூக்கி வெளிய போட்டுருவோம். "65 டிபி கெயின்"னு போட்டு விப்பாங்க, கெயின்னா எத்தன டிபி பெருசாக்குதுங்கிறது, -106ம் 65ம் -41, ஆகான்னு தோணும். கணக்கு தப்பில்ல, ஆனா அது சிக்னல மட்டும் பெருசாக்கல, கூட வர்ற இரைச்சலையும் அதே 65 டிபி பெருசாக்குது, போதாததுக்கு தன்னோட இரைச்சலையும் சேத்துவிடுது. பார் அஞ்சும் நிறைஞ்சு நிக்கும், வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும். அடுத்தது, வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் நடுவுல அந்த கெயின விட ஒரு 15 டிபியாவது கூடுதலா தடுப்பு இருக்கணும், 65க்கு 80 டிபி. ஒரு சின்ன வீட்டுல மேல ஒண்ணு கீழ ஒண்ணு வச்சா அவ்வளவு கெடைக்காது, உள்ள விட்டது வெளிய போயி திரும்ப உள்ள வந்து கல்யாண மைக் கூவுற மாதிரி அந்த பேண்ட் பூரா கூவ ஆரம்பிக்கும். கூவுறது உங்களுக்குக் கேக்காது, டவருக்குக் கேக்கும், அந்த ஏரியாவுல யாருக்கும் லைன் கெடைக்காது. லைசென்ஸ் இல்லாம பூஸ்டர் வச்சிருக்கிறதே நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம், 1933 வயர்லெஸ் சட்ட காலத்துல இருந்தே அப்படித்தான். ஆன்லைன்ல விக்கிறாங்களேன்னா விக்கத்தான் செய்வாங்க.

ரெண்டாவது வழிதான் எல்லாரும் போறது, காசு அதிகமா வீணாகுறதும் இதுலதான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். ஸ்டோர் மாடியில நிஜமாவே 11 டிபிஐ இருக்கிற ஒரு நல்ல ஆன்டெனா, அங்கருந்து வீட்டுக்குள்ள இருக்கிற ரவுட்டருக்கு 20 மீட்டர் கேபிள். ஆன்டெனாவோட இலவசமா வர்ற ஒல்லிக் கேபிள் எல்எம்ஆர்-200 ரகம்னா (அது கூட நல்ல ரகம், பல பேர் அதவிட மட்டமானத குடுக்குறாங்க) 1800 மெகாஹெர்ட்ஸ்ல மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.47 டிபி தின்னும். இருபது மீட்டருக்கு 9.4, கனெக்டருக்கு ஒரு டிபி, ஆக 10.4. வரவு 11, செலவு 10.4, கையில நிக்கிறது 0.6. அதாவது மாடியில வெறும் போன வச்சிருந்தா என்ன கெடைக்குமோ அதேதான், -105.4. ஆன்டெனா வாங்குன காசு அப்படியே கேபிள்ல சூடாப் போயிருச்சு.

"ரூம்ல -119 இருந்துச்சு, இப்ப -105 ஆயிருச்சே, 14 டிபி ஏறிருச்சே"ன்னு கடைக்காரர் சொல்வார். ஏறுனது நெஜம்தான், ஆனா அதுல 13 மாடி குடுத்தது. இதே கேபிள தடியா எல்எம்ஆர்-400ல போட்டா மீட்டருக்கு 0.19, இருபது மீட்டருக்கு 3.8, கனெக்டரோட 4.8, மிச்சம் 6.2, ரவுட்டருக்கு -99.8 வந்து சேரும். நல்லாத்தான் இருக்கு, ஆனா சுண்டுவிரல் தண்டி கேபிள், வளையாது, 4ஜிக்கு ரெண்டு ஆன்டெனா ரெண்டு கேபிள் வேணும், அப்ப நாப்பது மீட்டர் தடி கேபிள், ஆன்டெனா ரவுட்டர் ரெண்டு விலையையும் தாண்டிரும். 850 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்ல லாஸ் கம்மி, ஒல்லிக் கேபிளே மீட்டருக்கு 0.32 கிட்டதான், 2300ல 0.53. கேபிள் சைஸ மட்டும் சொல்லி லாஸ் எவ்வளவுன்னு கேட்டா பதில் கெடையாது, எந்த ஃப்ரீக்வன்சின்னு சேத்துக் கேக்கணும். டெசிபல்ங்கிற யூனிட்டே இதுக்காக வந்ததுதான், 1920கள்ல அமெரிக்காவுல பெல் டெலிபோன் ஆளுக நீளமான லைன்ல எவ்வளவு செத்துப் போகுதுன்னு கணக்கு வைக்க உண்டாக்கி கிரஹாம் பெல் பேர வச்சாங்க. அதுக்கு முன்னாடி கேபிள் மைல் கணக்குலதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம்.

நம்மகிட்ட இருந்து டவருக்கு சிக்னல் போற பக்கமும் இருக்கு, அத யாரும் பாக்குறதில்ல. டவர் வாட்டுக் கணக்குல கத்துது, நம்ம போனோ ரவுட்டரோ 23 டிபிஎம், இருநூறு மில்லிவாட்தான் அனுப்பும். அந்த 23ல இருந்து 10.4 கேபிள்ல போச்சுன்னா ஆன்டெனா வாசலுக்கு வர்றது 12.6, இருபது மில்லிவாட்டுக்கும் கீழ. 11 டிபிஐ சேத்து காத்துல 23.6. டவுன்லோட் வருது, வாட்ஸ்அப்ல போட்டோ மட்டும் போகவே மாட்டேங்குதுன்னு சொல்ற வீட்டுல பாதிக்குப் பாதி இதுதான் வெவகாரம்.

மூணாவது வழி இந்தக் கேபிள் பிரச்சனையவே எடுத்துருது. வெளிய மாட்டுற டப்பாவுக்குள்ளயே ரவுட்டரும் ஆன்டெனாவும் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஜாண் கூட கேபிள் கெடையாது. ஆன்டெனா 8 டிபிஐதான், 11ஐப் பாத்துட்டு 8ஐப் பாத்தா மட்டமாத் தெரியும். கணக்கு போடுங்க, -106ம் 8ம் -98. ஒல்லிக் கேபிள் செட்ட விட 7 டிபிக்கு மேல, அஞ்சு மடங்கு. அனுப்புறது 23ம் 8ம் 31 டிபிஎம். வீட்டுக்கு வர்றது நெட்வொர்க் கேபிள், அதுல போறது டேட்டா, நூறு மீட்டர் வரைக்கும் ஒரு டிபி கூட நம்ம கணக்குல சேராது, அதே கேபிள்லயே கரன்ட்டும் ஏறிரும். வீட்டுக்குள்ள ஒரு சாதா வைஃபை ரவுட்டர வச்சு வைஃபை காலிங் ஆன் பண்ணிட்டா போனும் பேசிக்கலாம், பூஸ்டர் வாங்க நினைச்ச காரணமே அதோட முடிஞ்சது. சரிவுல இருக்கிற தோட்ட வீடுன்னா என் ஓட்டு இதுக்குத்தான், இருபது மீட்டர், முப்பது மீட்டர் தள்ளித்தான் நல்ல எடம் இருக்குன்னா யோசிக்கவே வேணாம். செவருக்கு அந்தப் பக்கமே நல்ல எடம், மூணு மீட்டர் கேபிள் போதும்னா மட்டும் ரெண்டாவது வழி ஜெயிக்கும், 11ல இருந்து 2.4 கழிச்சா 8.6.

இப்ப பெட்டி மேல இருக்கிற நம்பருக்கு வருவோம். ஆன்லைன்ல பேனா சைஸ் குச்சி ஆன்டெனாவுக்கு 28 டிபிஐ, ஒரு நோட்டு சைஸ் பேனலுக்கு 35 டிபிஐன்னு போட்டு விக்கிறான். ஆன்டெனா பவர உண்டாக்குறதில்ல, எல்லாப் பக்கமும் போறத ஒரு பக்கமா ஒதுக்கி விடுது, அவ்வளவுதான். அப்படி ஒதுக்கணும்னா ஆள் பெருசா இருக்கணும். 1800 மெகாஹெர்ட்ஸ்ல 35 டிபிஐ வேணும்னா கிட்டத்தட்ட நாலு மீட்டர் அகல டிஷ் வேணும்! 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல 24 டிபிஐ வர்ற நெஜமான கிரிட் டிஷ்ஷே ஒரு மீட்டர் கிட்ட இருக்கும், பத்து டிகிரி அங்க இங்க திரும்பினாலே டவர விட்டுரும். நோட்டு சைஸ் பேனல்னா 7, 8, ரொம்ப ஒழுங்கா செஞ்சா 9. இன்னொரு ஏமாத்து, ரெண்டு போர்ட் இருக்கு, ஒவ்வொண்ணும் 11 டிபிஐ, அதனால 22 டிபிஐன்னு எழுதுறது. 22 டிபிஐன்னா 158 மடங்கு, 11ங்கிறது 12.6 மடங்கு, ரெண்டு ஆன்டெனா வச்சா ரெண்டு மடங்குதான் கூடும், நூத்தம்பது மடங்குக்கு எங்க போறது. பீம், அதாவது ஆன்டெனா வீசுற அகலம், எத்தன டிகிரின்னு கேளுங்க, டேட்டா ஷீட் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா வந்துருங்க.

இவ்வளவும் சரிவுல கேரளாவப் பாத்து இருக்கிற வீட்டுக்கு. மெட்டு மேல கிழக்க பாத்து இருக்கிற வீட்டுக்கு கத வேற, இதத்தான் ரொம்ப பேரு புரிஞ்சுக்க மாட்டேங்குறாங்க. அங்க நின்னா போடி, தேவாரம்னு தேனி சமவெளி பூரா கால்ல விழுந்து கெடக்கும், ராத்திரி எத்தன டவர் லைட்டு தெரியுதோ அத்தனையும் உங்க போனுக்கும் தெரியும். ஆர்எஸ்ஆர்பி -86, பார் நெறைய இருக்கும், நெட்டு நொண்டும். காரணம், ஒரே ஃப்ரீக்வன்சியில அஞ்சாறு டவர் ஒரே நேரத்துல பேசுது, எது நம்ம டவர்னு பிரிச்செடுக்க முடியாம முழிக்குது. இத ஆர்எஸ்ஆர்பி காட்டாது, எஸ்ஐஎன்ஆர் காட்டும். அது டிபிஎம் இல்ல, டிபி, ஏன்னா விகிதம், நமக்கு வேண்டிய சிக்னல் மத்த இரைச்சலையும் இடைஞ்சலையும் விட எத்தன மடங்குன்னு. 0ன்னா ரெண்டும் சமம், மைனஸ்னா இரைச்சல்தான் பெருசு.

1948ல அமெரிக்க கணித மேதை கிளாட் ஷானன் போட்ட கணக்குப்படி எஸ்ஐஎன்ஆர் 0 டிபில ஒரு ஹெர்ட்ஸுக்கு செகண்டுக்கு ஒரு பிட்தான் உச்சம், 10ல 3.46, 20ல 6.66. நடைமுறையில இதவிடக் கம்மிதான் கெடைக்கும், ஆனா போக்கு இதேதான். அதனால மேட்டுல -86ம் எஸ்ஐஎன்ஆர் 1ம் இருக்கிற வீட்ட விட, பள்ளத்துல -104ம் எஸ்ஐஎன்ஆர் 11ம் இருக்கிற வீட்டுல நெட்டு நல்லா ஓடும். 18 டிபி கம்மி சிக்னல், அறுபது மடங்குக்கு மேல கம்மி, ஆனா வேகம் அங்கதான். மல மறைக்கிறதால மத்த டவர் எதுவும் கேக்காம ஒரே டவர் மட்டும் மெல்லமா பேசுது, மெல்லமாப் பேசுனாலும் தெளிவா கேக்குது.

ஆக மேட்டு வீட்டுக்கு கூடுதல் சிக்னல் தேவையே இல்ல, வேண்டாதத வெட்டணும். அங்க குறுகலான பீம் இருக்கிற ஆன்டெனாதான் வேணும், ஒரே டவரப் பாத்து திருப்பி, சமவெளிக்கு முதுகு காட்டி நிக்கிற மாதிரி. முன்னுக்கும் பின்னுக்கும் 20 டிபி வித்தியாசம் இருக்கிற ஆன்டெனான்னா பின்னால இருந்து வர்றது நூத்துல ஒண்ணாயிரும். இங்க ரெண்டாவது வழியில கேபிள் லாஸ் கூட அவ்வளவா வலிக்காது, சிக்னலும் இடைஞ்சலும் சேந்தே குறையுது, விகிதம் மாறாது, -86ல 10 போனாலும் -96 இருக்கு. அப்பயும் ஒல்லிக் கேபிள் வேணாம்னுதான் சொல்வேன், அனுப்புற பக்கம் அடிவாங்கும். சரிவு வீட்டுக்கு நல்லதா இருந்த 8 டிபிஐ அவுட்டோர் டப்பா இங்க பாதி உபயோகம்தான், அதோட பீம் அகலம், அறுபது எழுபது டிகிரிக்கு எல்லாத்தையும் அள்ளிப்போட்டுக்கும். வீட்டுச் செவருக்கு மேக்குப் பக்கம் மாட்டி செவரையே மறைப்பா வச்சுக்கலாம், அது ஒரு வழி, சில எடத்துல ஆன்டெனாவ விட செவரு நல்லா வேல செய்யுது.

நாலாவது வழி வைஃபை லிங்க். ரூம்லயும் இல்ல, மாடியிலயும் இல்ல, தோட்டம் பூரா -120ன்னா வேற என்ன பண்றது, இல்லாததுக்கு எந்த ஆன்டெனா மாட்டுனாலும் வராது. எதிர் மேட்டுல சொந்தக்காரங்க வீடோ டீக்கடையோ இருந்து, அங்க ஃபைபரோ நல்ல 4ஜியோ இருந்து, அந்த எடம் நம்ம மாடியில இருந்து கண்ணுக்குத் தெரிஞ்சா ஜெயிச்சாச்சு. ஒன்றரை கிலோமீட்டர்னு வைங்க, 5.8 ஜிகாஹெர்ட்ஸ். வெறும் காத்துல லாஸ் 111 டிபி, கேக்கவே பயமா இருக்கும். ரேடியோ 20 டிபிஎம், அந்தப் பக்க ஆன்டெனா 16 டிபிஐ, ஆக 36. அதுல 111 கழிச்சா -75, நம்ம பக்க ஆன்டெனா 16 கூட்டுனா -59 டிபிஎம். நூறு மில்லிவாட் கெளம்பி ஒரு நானோவாட் சொச்சம் வந்து சேருது, அது தாராளம். 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல ரிசீவரோட சொந்த இரைச்சல் -95 கிட்ட, நமக்கும் அதுக்கும் 36 டிபி எடவெளி, மழை பேஞ்சாலும் பனி மூடுனாலும் இந்த ஃப்ரீக்வன்சில அது பெரிய விஷயமே இல்ல. தூரம் ரெண்டு மடங்கானா 6 டிபி கூட கழிச்சுக்கங்க, அவ்வளவுதான்.

"27 டிபிஎம் ரேடியோவும் 25 டிபிஐ டிஷ்ஷும் வாங்கிரலாம், பவரா இருக்கும்"னு ஒருத்தர் கிளம்புவார். 52 டிபிஎம், அதாவது ஆன்டெனா பாக்குற திசையில 158 வாட்டுக்கு சமம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல லைசென்ஸ் இல்லாம அனுமதி நாலு வாட், 36 டிபிஎம், 5.8ஐ 2018ல முழுசா தெறந்துவிட்டாங்க, அங்கயும் 36க்குள்ள நின்னுக்கிறதுதான் மரியாத. பெரிய டிஷ் மாட்டுனா ரேடியோ பவர எறக்கி வைக்கணும், டிஷ்ஷோட லாபம் ரிசீவ் பண்ற பக்கம் கெடைச்சுரும்.

இந்த வழிக்கு எதிரி மரம்தான். கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது, நடுவழியில சுத்தி ரெண்டரை மீட்டருக்கு மேல காலியா இருக்கணும், டீ எஸ்டேட் ஓரமா நிக்கிற சில்வர் ஓக் ரெண்டு வருஷத்துல வளந்து வந்து நிக்கும், நனைஞ்ச எல வழியா 5.8 போச்சுன்னா டிபி பத்து இருபதுன்னு பறக்கும். அப்புறம் மேட்டுல கரன்ட் இருக்கணும், இல்லன்னா சோலார், அது தனி செலவு. அதனால மாடியில -110 வரைக்கும் ஏதாவது கெடைச்சா மூணாவது வழியவே பாருங்க, ரெண்டு எடத்துல ஆள் ஏறி எறங்குற வேல மிச்சம்.

மாட்டும்போது போன்ல ஒரு கண்ண வச்சுக்கங்க. பத்து டிகிரி திருப்பு, அர நிமிஷம் நில்லு, எஸ்ஐஎன்ஆரப் படி, திரும்பத் திருப்பு. ஆர்எஸ்ஆர்பி 3 டிபி குறைஞ்சு எஸ்ஐஎன்ஆர் 4 ஏறுதுன்னா அந்தத் திசைதான் சரி. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு ஒருக்கா பாருங்க, மத்தியானம் காலியா இருக்கிற டவர் அப்ப நெரிசலா இருக்கும், எஸ்ஐஎன்ஆர் அஞ்சாறு டிபி எறங்குறது சாதாரணம். வெளிய இருக்கிற ஒவ்வொரு கனெக்டரையும் நீட்டிச் சுத்துனா தன்னால ஒட்டிக்கிற ரப்பர் டேப்ப வச்சு மூடுங்க, ஒரு துளி தண்ணி உள்ள போனா அந்த எடத்துலயே பல டிபி போயிரும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. சித்திர வைகாசியிலயும் ஐப்பசியிலயும் இடுக்கி பக்கம் இடி பேய் மாதிரி விழும், பைப்ப எர்த் பண்ணி நெட்வொர்க் கேபிளுக்கு சர்ஜ் புரொடெக்டர் போட்டுருங்க, கேபிள் வேலைய மட்டும் ஜூன் மழைக்கு முன்னாடி முடிச்சுக்கங்க, அதுக்கப்புறம் அந்தத் தகரக் கூரையில எவனும் ஏற மாட்டான்.